ஆஸ்லோவில் சிற்பம் பார்க்கப் போகிறவர்களுக்கு

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவுக்கு முதல் தடவை போகிறவர்கள் ஒரே நாளில் பத்து இடம் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். வேண்டாம். குஸ்தாவ் விகேலன் என்ற சிற்பியின் சிலைகள் நிறைந்த விகேலன் பூங்காவுக்கு அரை நாளை முழுசாக ஒதுக்குங்கள். மிச்ச நேரத்துக்குத் துறைமுகப் பக்கம் போதும். இரண்டுமே திறந்தவெளி, இரண்டுக்குமே நுழைவுக் கட்டணம் கிடையாது. விலைவாசி கழுத்தை நெரிக்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று போன பிறகு தெரியும்.

படி 1: டிக்கெட்

ரூட்டர் என்ற செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் சுற்ற மண்டலம் 1க்கு ஒரு டிக்கெட் எடுத்தால் டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றிலும் போகலாம். ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும். தடுப்புக் கதவு எதுவும் இருக்காது என்பதற்காகச் சும்மா ஏறிவிடாதீர்கள், பரிசோதகர் வந்தால் அபராதம் பலமாக இருக்கும். போனில் சார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள், டிக்கெட்டே அதில்தான் இருக்கிறது.

படி 2: பெரிய வாசல் வழியாகவே நுழையுங்கள்

12ஆம் எண் டிராமில் ஏறி விகேலன்ஸ்பார்க்கன் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே இரும்பு வாசல். பூங்காவுக்குள் வர வேறு வழிகளும் உண்டு. ஆனால் குஸ்தாவ் விகேலன் தன் சிற்பங்களைச் சுமார் 850 மீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். நடுவிலிருந்து தொடங்கினால் கதையைப் பாதியிலிருந்து கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

1921இல் அவருக்கும் நகராட்சிக்கும் ஓர் ஒப்பந்தம். நகரம் அவருக்கு வீடும் பட்டறையும் கட்டித் தரும், அவர் தன் படைப்புகளை நகரத்துக்கே கொடுத்துவிடுவார். அதனால்தான் 200க்கும் மேற்பட்ட சிற்பங்கள், ஒரே மனிதரின் கற்பனையில் பிறந்தவை, இப்படி ஒரே இடத்தில் நிற்கின்றன.

படி 3: பாலத்தில் அவசரப்படாதீர்கள்

வாசலிலிருந்து நேராக நடந்தால் ஒரு பாலம், அதன் இரு பக்கமும் 58 வெண்கலச் சிலைகள். யார் உடம்பிலும் ஆடை இல்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் தயங்க வேண்டாம். ஆடை இல்லாததால்தான் இவர்கள் எந்தக் காலத்து மனிதர்கள், எந்த வர்க்கம் என்று சொல்ல முடியாமல் போகிறது. அப்பா, பிள்ளை, காதலர், சண்டைக்காரர், அவ்வளவுதான்.

கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சின்னாதாகன், கோபக்காரக் குட்டிப் பையன். முஷ்டியை இறுக்கி, ஒரு காலைத் தூக்கி, வாயைத் திறந்து அலறுகிறான். அவன் இடது கையைப் பாருங்கள். உடம்பெல்லாம் வெண்கலம் கறுத்திருக்க, அந்தக் கை மட்டும் பொன் போல மின்னும். வருகிறவர்கள் எல்லாரும் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பளபளப்பு அது. தேய்மானம் வெண்கலத்துக்கு நல்லதல்ல, நீங்கள் தொடாமலே பாருங்கள்.

படம் எடுத்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். அவனைச் சுற்றி நிற்கிற மற்ற 57 சிலைகளையும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

படி 4: நீரூற்றைச் சுற்றி வாருங்கள்

ஆறு பேர் சேர்ந்து ஒரு பெரிய கிண்ணத்தைத் தாங்குகிறார்கள். சுற்றிலும் 20 மரங்கள், எல்லாம் வெண்கலம், கிளைகளுக்குள் மனிதர்கள். ஒன்றில் குழந்தைகள் கொத்தாகத் தொங்குகிறார்கள், இன்னொன்றில் ஒரு கிழவர் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தொட்டியின் சுவரில் 60 புடைப்புச் சிற்பங்கள். குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தபடி சுற்றுங்கள். குழந்தைப் பருவம், இளமை, முதுமை, எலும்புக்கூடு, அப்புறம் மறுபடியும் குழந்தை. பூங்கா முழுவதும் சொல்ல வருவது இந்தச் சுவரிலேயே இருக்கிறது.

படி 5: ஒற்றைக்கல் தூண்

படியேறினால் நடுவில் சுமார் 17 மீட்டர் உயரத்தில் மோனோலித். ஒரே கருங்கல், அதில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி மேலேறுகின்றன. விகேலன் களிமண்ணில் மாதிரி செய்துகொடுக்க, மூன்று கல்தச்சர்கள் சுமார் 14 வருடம் செதுக்கினார்கள். 1943இல் விகேலன் இறந்தார்.

தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே படிகளில் இருக்கிற 36 கருங்கல் தொகுதிகளுக்கு வாருங்கள். எனக்குத் தூணைவிட இவைதான் பிடிக்கும். நெருங்கி வயதானவர்களின் முதுகைப் பாருங்கள். சருமச் சுருக்கங்களை விகேலன் பெரிதாகக் காட்டவில்லை, ஆனாலும் அந்த வளைவே வயதைச் சொல்லிவிடுகிறது.

கோட்டின் கடைசியில் வாழ்க்கைச் சக்கரம். ஆணும் பெண்ணும் குழந்தையும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி ஒரு வளையம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

படி 6: துறைமுகம்

அதே 12ஆம் எண் டிராமில் நகரத்துக்குத் திரும்பி நகர மண்டபம் பாருங்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 10இல் அமைதிக்கான நோபல் பரிசு கொடுக்கிற இடம். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் உள்ளே போய்ப் பெரிய சுவரோவியங்களைப் பார்க்கலாம்.

அங்கிருந்து ஓபரா மாளிகை. 2008இல் திறந்தது. கூரை தண்ணீரிலிருந்தே சரிவாக மேலேறுகிறது, வெள்ளைப் பளிங்கு, யார் வேண்டுமானாலும் அதன்மேல் நடக்கலாம். மேலே போய்க் கடலைப் பாருங்கள். உடைந்த பனிக்கட்டி மாதிரி கண்ணாடியும் எஃகும் சேர்ந்த ஒன்று மிதக்கும். மோனிகா போன்விசினி 2010இல் செய்த சிற்பம். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப அசைந்து திரும்பும். ஒரு தடவை பார்த்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், வேறு பக்கம் காட்டிக்கொண்டிருக்கலாம்.

ஜூன் மாதம் என்றால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், இந்த இடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். குளிர்காலம் என்றால் மதியமே வந்துவிடுங்கள், சீக்கிரம் இருட்டிவிடும். பனி உறைந்த நாளில் பளிங்கு மோசமாக வழுக்கும், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.