கனடாப் படிவங்களில் நாடு வேறு, மொழி வேறு, இனம் வேறு

சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு ஆகியவற்றைக் கனடாவுக்கு வந்தவுடன் முடிக்க வேண்டும் என்று முன்னரே இங்கு வந்த உறவினர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆவணங்கள் சரியாக இருந்தால் அவற்றில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல், நீங்கள் யார் என்பதை வேறொருவர் உங்களுக்காக எழுதும் இடத்தில்தான் தொடங்குகிறது.

என் நண்பரின் தாயாரை மருத்துவமனையொன்றில் பதிவு செய்தபோது, மேசையில் இருந்த ஊழியர் பிறந்த நாட்டை மட்டும் கேட்டு, ‘இலங்கை’ என்ற பதில் கிடைத்ததும் மொழிக்கான கட்டத்தில் சிங்களம் என்று தாமாகவே பதிந்துவிட்டார். பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த சிறப்பு மருத்துவரின் சந்திப்புக்குச் சிங்கள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். மிகவும் பண்பான பெண்மணி. ஆனால் அவர்கள் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. எந்த நாளில் எங்கே வலித்தது என்று தமிழில் எழுதி, நான்காக மடித்துக் கொண்டுபோயிருந்த தாளை விரிக்காமலே தாயார் வீடு திரும்பினார். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றிய நாட்டிலிருந்து வந்தவருக்கு இங்கேயும் அதே மொழி எழுதப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆகவே, சந்திப்பைப் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிவில் எந்த மொழி உள்ளது என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களும், இந்தியர் என்றால் இந்தி என்று ஊகிப்பவர்களிடம் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் குடிசனக் கணக்கெடுப்பிலும் நாட்டின் பெயருக்குள் இனம் மறைந்துவிடுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு வீட்டுக்கு வரும் நீண்ட படிவத்தில் ‘தெற்காசியர்’ என்ற கட்டத்துக்கு இலங்கையர் ஓர் உதாரணமாகவே அச்சிடப்பட்டிருப்பதால், அதில் அடையாளமிட்டதும் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் மூதாதையரின் இன, பண்பாட்டுப் பின்னணியைக் கேட்கும் வெற்றிடம் தனியாக இருக்கிறது. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பின்னணிகளை எழுதலாம் என்பதால், நாட்டை விட்டுக்கொடுக்காமலே ‘தமிழர்’ என்றும் எழுத முடியும். 2016இல் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 1,40,000 பேருக்கு மேல். இனப் பின்னணியில் தமிழர் என்று எழுதியவர்களோ 50,000 பேர்கூட இல்லை. அதே ஆண்டில்தான் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. எந்த நாட்டின் பெயரிலும் அல்லாமல் தமிழர் என்ற பெயரிலேயே கிடைத்த அந்த ஏற்பை நான் பெருமையாகக் கருதுகிறேன். உங்கள் விடைகள் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். தனிநபர்களுடைய விவரங்களைப் பிற திணைக்களங்களுக்குக் கொடுப்பதைப் புள்ளிவிவரச் சட்டம் தடுக்கிறது.

பிறருக்குப் படிவம் நிரப்ப உதவும்போதும் கேட்டே எழுதுங்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழே. ஆயினும் அவர்களுள் பலர் தம்மைத் தனி இனமாகவே கருதுகிறார்கள். மொழிக்கான இடத்தில் தமிழ் என்று எழுதச் சொல்பவர், இனத்துக்கான இடத்தில் வேறொன்றைச் சொன்னால், அவர் சொன்னதையே எழுதுங்கள்.