வீட்டில் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் பயிற்சி: சொல்லிக் கொடுத்தது கைக்கு ஏன் வருவதில்லை?

எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு பெண்ணிடம், அரை மணி நேரம் கழித்து ஒரு வேலை கொடுத்தேன். நானே கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்கு இடது பக்கம் வராது. என்னை எழுப்பிச் சக்கர நாற்காலியில் உட்கார வையுங்கள்" என்றேன். நேராக வந்தார். இரண்டு கைகளையும் என் அக்குளுக்குள் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கப் பார்த்தார். நாற்காலிக்குப் பிரேக் போடவில்லை. கால் வைக்கும் தட்டுகளை மடக்கவில்லை. "அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது" என்று அன்று காலைதான் தேர்வுத் தாளில் எழுதியிருந்தார்.

அவர்மேல் தவறில்லை. மூன்று நாள் நாங்கள் பேசினோம், படம் காட்டினோம், அவர் கேட்டுக்கொண்டார். ஒருமுறைகூட அவர் கை அந்த வேலையைச் செய்து பார்க்கவில்லை. முதியவர்களையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

காட்டியதோடு விட்டுவிடுவது

பயிற்றுநர் ஒருமுறை வேகமாகச் செய்து காட்டுவார். இருபது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பின்னால் நின்றவருக்குப் பயிற்றுநரின் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மருத்துவக் கல்வியில் பெய்டன் முறை என்று ஒன்று உண்டு. முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவது. அடுத்து, ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது. மூன்றாவது, கற்பவர் வாயால் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வது. கடைசியில் கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வது. பெரும்பாலான வகுப்புகள் இரண்டாவது படியோடு முடிந்துவிடுகின்றன. என் அனுபவத்தில் மூன்றாவது படிதான் உண்மையைக் காட்டும். அவர் சொன்னதை மட்டும்தான் நான் செய்வேன். பிரேக் போடச் சொல்ல மறந்தால் நாற்காலி பின்னால் நகரும், உட்காரப் போனவர் தடுமாறுவார். பக்கத்தில் ஒருவரைப் பிடிக்க நிறுத்திக்கொண்டு அந்தத் தடுமாற்றம் வரை விட்டுவிடுகிறேன். அதைக் கண்ணால் பார்த்தவர் அப்புறம் பிரேக்கை மறப்பது அரிது.

அக்குளில் தூக்குவது ஏன் அவ்வளவு தவறு என்பதையும் அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. அதைச் சுற்றியிருக்கும் தசைகள்தான் மூட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. பக்கவாதத்தில் அந்தத் தசைகள் தளர்ந்துவிடும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலும் மூட்டு இறங்கிவிடலாம். பிறகு அந்தத் தோள்வலி மாதக் கணக்கில் போகாது.

சரியாகச் செய்தால் அது தூக்கும் வேலையே இல்லை. நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும். பிரேக், கால் தட்டு இரண்டையும் பார்த்துவிட வேண்டும். அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அதனால் "தலை சுற்றுகிறதா?" என்று கேட்டுவிட வேண்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் பதிந்திருக்க வேண்டும். அப்புறம் அவரை முன்னால் சாயச் சொன்னால், மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்போது இடுப்பு தானாகக் கட்டிலை விட்டு எழும்பும். நாம் அவர் இடுப்பில் கட்டிய இடுப்புப் பட்டையைப் பிடித்து வழிகாட்டினால் போதும். காலின் பின்பக்கம் நாற்காலியில் படும்வரை அவரை உட்காரவிடக் கூடாது. இதை ஒருவர் ஒருமுறை செய்தால் பயிற்சி ஆகாது. ஐந்தாறு முறையாவது செய்ய வேண்டும், நோயாளியின் இடத்திலும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆரோக்கியமான தோழியைத் திருப்பிப் பழகுவது

பயிற்சியில் ஒருவரை ஒருவர் நோயாளியாக வைத்துப் பழகுவது வழக்கம். சிக்கல் என்னவென்றால், நல்ல உடம்பு தன்னை அறியாமல் உதவி செய்துவிடும். திருப்பும்போது தானே கொஞ்சம் புரளும், எழுப்பும்போது வயிற்றை இறுக்கும். பழகுபவர் "இவ்வளவு சுலபமா" என்று நினைப்பார். உண்மையான வீட்டில் முதல் நாளே அந்த நினைப்பு உடைந்துவிடும்.

அதனால் நோயாளியாக இருப்பவருக்கும் பாடம் வேண்டும். ஒரு கையை முழுவதும் தளர்த்திப் போடு. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடு. கேட்ட கேள்விக்குச் சற்றுத் தாமதமாகப் பதில் சொல். நடுவில் ஒருமுறை "வேண்டாம், விடு" என்று கையைத் தட்டிவிடு. இந்தக் கடைசி ஒன்று ரொம்ப முக்கியம். மறதிநோய் இருக்கும் பெரியவர் குளிக்க மறுக்கும்போது என்ன செய்வது என்று வகுப்பில் கேட்டால் "பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்" என்று எல்லோரும் சொல்வார்கள். கையோ அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும். பிடியை விட்டு ஓர் அடி பின்னால் போய், பேச்சை மாற்றி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வருவதையும் கையும் காலும் பழக வேண்டும்.

அறையும் அப்படித்தான். பயிற்சி அறையின் கட்டிலை உயர்த்தலாம், தாழ்த்தலாம், நான்கு பக்கமும் ஆள் போக இடம் இருக்கும். வீட்டில் கட்டில் தாழ்வாக இருக்கும், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும், மெத்தை அமுங்கும். ஒரு நாளாவது பயிற்சிக் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போடுங்கள். தரையில் ஒட்டுத்தாளால் ஒரு குறுகலான குளியலறை அளவுக்குக் கோடு போட்டு, அதற்குள் ஒருவரைத் திருப்பி உட்கார வைக்கச் சொல்லுங்கள். கேள்விகள் தானாக வரும்.

முதுகை நேராக வைத்தால் எதையும் தூக்கலாம் என்ற நம்பிக்கை

"முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே." இதை எல்லாப் பயிற்சியிலும் கேட்கலாம். தவறான அறிவுரை இல்லை, ஆனால் போதாது. தூக்கும் முறையை மட்டும் சொல்லித் தரும் பயிற்சி முதுகுவலியைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஒரு கணக்கீடு, நோயாளியைக் கையாளும்போது ஒருவர் கையால் தூக்கக்கூடிய எடைக்கு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ, என்று வரம்பு சொல்கிறது. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட 10 கிலோ இருக்கும். அப்படியானால் முழு ஆளை ஒருவர் தூக்குவது எந்த முறையிலும் பாதுகாப்பு இல்லை.

ஆகவே, ஆளை நகர்த்த உடம்புக்கு அடியில் போடும் வழுக்கும் துணியான சறுக்கு விரிப்பையும் இடுப்புப் பட்டையையும், கிடைத்தால் தூக்கு எந்திரத்தையும் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். கூடவே, "இதை நான் தனியாகச் செய்ய மாட்டேன், இன்னொருவர் வேண்டும்" என்று வீட்டாரிடம் சொல்லவும் பழக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டு, முதுகு போனவர்களை எனக்குத் தெரியும். வயிற்றுப் பிழைப்பே அந்த முதுகை நம்பித்தான் இருக்கிறது. பெரியவர் நடக்கும்போது சரிந்தால் பிடித்து நிறுத்தப் போராடக் கூடாது, நம் உடம்போடு அணைத்து மெதுவாகத் தரையில் இறக்க வேண்டும். விழுந்துவிட்டவரை உடனே தூக்கவும் கூடாது. தலையில் அடிபட்டதா, எங்கே வலி, கைகால் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஊட்டுவதைப் பாடமாகவே நினைக்காமல் விடுவது

ஊட்டுவதற்கு என்ன பயிற்சி என்று பலர் கேட்கிறார்கள். பயிற்சியில் ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, ஒருவருக்கு ஒருவர் ஊட்டச் சொல்லிப் பாருங்கள். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டட்டும், வேகமாக ஊட்டட்டும். வாங்குபவர் தலையை மேலே தூக்கி வாயைத் திறக்க வேண்டியிருக்கும். தலை பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போக வழி கிடைக்கிறது. இரண்டு நிமிடத்திலேயே வாங்குபவர் முகத்தில் பதற்றம் தெரியும். அப்புறம் எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, சின்னச் சின்ன வாயாக ஊட்டச் சொல்லுங்கள். தொண்டையில் அந்த மேடு ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி.

இருமினால்தான் ஆபத்து என்று நினைப்பதும் தவறு. சிலருக்கு உணவு நுரையீரல் பக்கம் போனாலும் இருமல் வராது. சாப்பிடும்போது குரல் ஈரமாகக் களகளவென்று மாறுவது, கண்ணில் நீர் வருவது, மூச்சு வேகமாவது இவற்றைப் பார்க்கப் பழக வேண்டும். முடிந்ததும் கன்னத்துக்குள் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும்.

கணக்கை மட்டும் மனப்பாடம் செய்வது

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று தெரியாதவர்கள் அவரை விரிப்பின் மேல் தரதரவென்று இழுத்துத் திருப்புவார்கள். தோல் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு நகர, நடுவில் இருக்கும் சதை நசுங்கும். படுக்கைப்புண்ணைத் தடுக்கச் செய்த வேலையே புண்ணுக்கு வழி செய்துவிடும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் இப்படித்தான், அங்கே ஏற்கெனவே சிதைந்துகொண்டிருக்கும் சதையை அது மேலும் கெடுக்கும். இடுப்பெலும்பு, குதிகால், பின்முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களை விரலால் அழுத்தி, சிவப்பு மறைந்து திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். மறையாவிட்டால் அதுவே புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பயிற்சிப் படங்கள் பெரும்பாலும் வெளிர் தோலையே காட்டுவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கை பழக வேண்டும்.

கையுறை விஷயத்தை ஒரே ஒரு சோதனையில் முடித்துவிடலாம். கையுறையில் கொஞ்சம் வண்ணப் பொடியைத் தடவி டயப்பர் மாற்றச் சொல்லுங்கள். அலமாரிக் கைப்பிடி, தண்ணீர்க் குவளை, தன் நெற்றி என எங்கெல்லாம் பொடி பட்டிருக்கிறது என்று அவரே பார்க்கட்டும். கையுறையைக் கழற்றியதும் கையைக் கழுவ வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கிருமிநாசினித் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி.

மாத்திரை பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். விழுங்க முடியவில்லை என்று எல்லா மாத்திரையையும் பொடி செய்யக் கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் பொடிக்கக் கூடாது என்பதே பாடம்.

மரியாதைக்குத் தனி வகுப்பு வைப்பது

முதல் நாள் ஒரு மணி நேரம் கண்ணியம், அந்தரங்கம் என்று பேசிவிட்டு, மீதி நாளெல்லாம் ஆள் அளவுப் பயிற்சிப் பொம்மையை நிர்வாணமாக வைத்துக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தால், கை இரண்டாவதைத்தான் கற்றுக்கொள்ளும். பொம்மைக்கும் போர்வை வேண்டும். கழுவும் பகுதி மட்டும் வெளியே, மற்றது மூடியே. "ஐயா, இப்போது வலது கையைத் துடைக்கிறேன்" என்று பொம்மையிடமும் சொல்ல வேண்டும். முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது நாள் வாய் தானாகச் சொல்லும்.

சான்றிதழோடு கைவிடுவது

பழகாத திறன் மங்கிவிடும். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி, பயிற்சி முடிந்து 3 முதல் 6 மாதங்களிலேயே பிசகத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை நாள் முழுக்க நடத்துவதைவிட, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒரே ஒரு திறனைச் செய்து பார்ப்பது நல்லது. பத்து வருடம் வேலை பார்த்தவரையும் விட்டுவிட வேண்டாம். அவர் கையில் பழைய பழக்கம் ஊறியிருக்கும். அவரைத் திருத்தத் தொடங்குவதற்கு முன்னால், "நீங்கள் எப்படிச் செய்வீர்கள், காட்டுங்கள் அக்கா" என்று கேளுங்கள். நமக்குத் தெரியாத நல்ல வழி ஒன்றும் அதில் கிடைக்கும், கெட்ட பழக்கம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வீட்டாரிடம் அனுமதி கேட்டு நானும் உடன் போனேன். ஒரு மூலையில் நின்றுகொண்டு முதல் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அவர் குனிந்து பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார், கால் தட்டை மடக்கினார், பெரியவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, "தலை சுற்றுகிறதா ஐயா?" என்று கேட்டுக் காத்திருந்தார்.