ராஸ்பெரி பைக்காக விம் எடிட்டரை கம்பைல் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் இயங்குதளத்தோடு வருவது, விம் எடிட்டரின் சுருக்கப் பதிப்பான விம்-டைனி. அதில் நிரலை வண்ணம் பிரித்துக் காட்டும் வசதி கிடையாது, பைத்தான் இணைப்பும் கிடையாது. முழு விம் வேண்டும், அதுவும் இன்றைய பதிப்பாக வேண்டும் என்றால் மூலநிரலை எடுத்து நாமே கம்பைல் செய்ய, அதாவது கணினி ஓட்டக்கூடிய பைனரிக் கோப்பாக மாற்ற, வேண்டியதுதான். பைக்குள்ளேயே செய்யலாம். ஆனால் ஒரே கோரும் 512 எம்பி நினைவகமும் உள்ள பை ஸீரோவில் அது பொறுமையைச் சோதிக்கும். அதனால் பலரும் மடிக்கணினியில் கம்பைல் செய்து, வந்த பைனரியை பைக்கு நகலெடுக்கிறார்கள். இதைத்தான் கிராஸ் கம்பைல் என்கிறோம்.

இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்தில் அடிக்கடி உட்கார்கிறேன். நாங்கள் பழகிய காலத்தில் எங்கெங்கே இடறினோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். எழுத்துப் பிழை, கம்பைலரே நிறுவாமல் தொடங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைத் திரையே சொல்லிவிடும்.

முதலில் ஒன்று. விம் மூலநிரலில் ப்ராசஸருக்கென்று தனியாக எழுதிய பகுதி இல்லை என்றே சொல்லலாம். 1991-ல் மோட்டரோலா 68000 வகை ப்ராசஸர் கொண்ட அமிகா கணினிக்காக வெளிவந்த எடிட்டர் இது. அப்புறம் எத்தனையோ கணினிகளுக்குப் போய்விட்டது. எனவே ஆர்க்கிடெக்சருக்கு (ப்ராசஸர் வகைக்கு) ஏற்றபடி கான்ஃபிகர் செய்வதில் நிரலைத் திருத்தும் வேலை இல்லை. கம்பைலுக்கு முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கேட்கும் கேள்விகளுக்குச் சரியான கணினியிலிருந்து பதில் போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கீழே உள்ள தவறுகள் எல்லாமே பதில் தவறான இடத்திலிருந்து போனதால் வருபவை.

டார்கெட் ஆப்ஷனைத் தொடாதீர்கள்

கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு மூன்று ஆப்ஷன்கள் உண்டு. பில்ட் என்பது கம்பைல் நடக்கும் கணினி. ஹோஸ்ட் என்பது பைனரி ஓடப்போகும் கணினி. டார்கெட் என்பது கம்பைலர் போன்ற கருவிகளைக் கட்டுகிறவர்களுக்கு மட்டும். எடிட்டருக்கு அது தேவையே இல்லை. "என் இலக்கு பைதானே" என்று டார்கெட்டை மட்டும் கொடுத்தால், ஸ்கிரிப்ட் எந்தப் புகாரும் இல்லாமல் மடிக்கணினிக்கான பைனரியைத்தான் செய்யும். பைக்குக் கொண்டுபோனபிறகுதான் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று தெரியவரும்.

ஹோஸ்டை மட்டும் கொடுப்பதும் போதாது. பெயருக்குப் பொருந்தும் கிராஸ் கம்பைலர் கிடைக்காவிட்டால், ஓர் எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு மடிக்கணினியின் சாதா கம்பைலரான ஜிசிசியைக் கொண்டே வேலையைத் தொடரும். ஓடுகிற வரிகளுக்கு நடுவே அந்த எச்சரிக்கை கண்ணில் படாது. பில்ட், ஹோஸ்ட் இரண்டையும் கொடுங்கள். 'கிராஸ் கம்பைலிங்கா' என்று ஸ்கிரிப்ட் தன்னையே கேட்டுக்கொள்ளும் வரிக்கு நேரே 'எஸ்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பைலைத் தொடங்கும் 'மேக்' கட்டளையைக் கொடுங்கள்.

கர்னலைக் கேட்டுவிட்டு மொத்தக் கணினியையும் முடிவு செய்வது

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு. அதிக நேரத்தைத் தின்பதும் இதுதான்.

என்ன நடக்கிறது என்றால், பையில், இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கணினியின் வகையைக் கேட்கும் 'யூநேம்' கட்டளையை எம் ஆப்ஷனோடு அடிக்கிறார்கள். 'ஏஆர்ச்64' என்று வருகிறது. சரி, 64 பிட் ஆர்ம் ப்ராசஸர் என்று முடிவு செய்து, அதற்கான கம்பைலரை நிறுவி, ஹோஸ்டாக அதையே கொடுத்து கம்பைல் செய்கிறார்கள். ஒரு பிழைகூட வராது. பைனரியை பைக்கு நகலெடுத்து ஓட்டினால், 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'.

ஒரு கல்லூரி மாணவர் இந்த வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். 'எல்எஸ்' அடித்தால் கோப்பு இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. ஓட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. அவர் அனுமதியை மாற்றினார். மறுபடி நகலெடுத்தார். பாத் மாறியைத் திருத்தினார். எஸ்டி கார்டு கெட்டுவிட்டதோ என்று இன்னொரு கார்டில் இயங்குதளத்தை ஏற்றினார். அப்புறம் விம் மூலநிரலின் பழைய பதிப்பு ஒன்றை இறக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். அத்தனை உழைப்பும் வீண். அவர் தேடிய இடம் எதிலும் தவறு இல்லை.

அந்த பைனரியை 'ஃபைல்' கட்டளையிடம் கொடுத்தோம். வந்த நீண்ட வரியின் நடுவில் 'இன்டர்ப்ரட்டர்' என்ற சொல்லும், அதை ஒட்டி லிப் அடைவுக்குள் 'எல்டி-லினக்ஸ்-ஏஆர்ச்64' என்று தொடங்கும் ஒரு கோப்பின் பெயரும் இருந்தன. நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் நினைவகத்தில் ஏற்றிவைக்கும் லோடர் அது. பையின் லிப் அடைவில் தேடினால் அது இல்லை. அங்கே இருந்தது 32 பிட்டுக்கான 'எல்டி-லினக்ஸ்-ஆர்ம்ஹெச்எஃப்'. அதாவது கர்னல் நம் விம்மைக் கண்டுபிடித்துவிட்டது, திறந்தும் பார்த்துவிட்டது. உள்ளே எழுதியிருந்த லோடரைத்தான் காணவில்லை. அந்த 'இல்லை'யை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நம் கோப்பின் பெயரோடு சேர்த்து அச்சிட்டுவிட்டது. பாஷ் என்ற ஷெல்லின் 5.2 பதிப்பிலிருந்து 'தேவையான கோப்பு கிடைக்கவில்லை' என்ற பொருளில் செய்தி வருகிறது. அதற்கு முந்தைய பாஷ் வைத்திருப்பவர்களுக்கு இன்னமும் பழைய செய்திதான்.

காரணம் இது. பை 4-ல் 32 பிட் இயங்குதளம் போட்டிருந்தாலும், 2023-லிருந்து பையைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர் தானாகவே 64 பிட் கர்னலை ஏற்றுகிறது. யூநேம் சொல்வது கர்னலைப் பற்றி மட்டும். அதற்கு மேலே உள்ள ஷெல், சி நூலகம், டெர்மினல் நூலகமான என்கர்சஸ் எல்லாம் 32 பிட்டாகவே இருக்கும். நம் எடிட்டர் வாழப்போவது அந்த மேல்தளத்தில்.

எனவே யூநேமை நம்பி ஹோஸ்டை எழுதாதீர்கள். பையில் 'கெட்கான்ஃப்' கட்டளையிடம் 'லாங்-பிட்' கேளுங்கள், 32 அல்லது 64 என்று சொல்லிவிடும். நிரல்களை நிறுவும் 'டிபிகேஜி'யிடம் ஆர்க்கிடெக்சர் கேட்டால் 'ஆர்ம்ஹெச்எஃப்' (32 பிட்) அல்லது 'ஆர்ம்64' (64 பிட்) என்று வரும். நான் செய்வது இன்னும் நேரடியானது. அந்தக் கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எல்எஸ் நிரலையே ஃபைல் கட்டளையிடம் கொடுப்பேன். அதில் எந்த லோடர் இருக்கிறதோ, அதே லோடர்தான் நம் விம்மிலும் இருக்க வேண்டும்.

தயவுசெய்து இதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள். வேறெங்கிருந்தோ அந்த லோடரை மட்டும் நகலெடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அடுத்து சி நூலகம் இல்லை என்று வரும், அதையும் போட்டால் என்கர்சஸ் இல்லை என்று வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயங்குதளமும் கலைந்துபோகும். வழி இரண்டுதான்: 32 பிட் ஆர்முக்கான கம்பைலரில் மறுபடி கட்டுவது, அல்லது பையில் 64 பிட் இயங்குதளத்தைப் போடுவது. அது 2022 பிப்ரவரியிலிருந்தே முறையாகக் கிடைக்கிறது.

இதே பொறி வேறு இடங்களிலும் உண்டு. 64 பிட் ஆர்ம் கணினியில் ஓடும் 32 பிட் கன்டெய்னருக்குள்ளும் யூநேம் ஏஆர்ச்64 என்றே சொல்லும். ஆர்ம் ப்ராசஸர் கொண்ட எம்1 மேக்கில், இன்டெல் நிரல்களை ஓட்டவைக்கும் ரோசெட்டா வழியாகத் திறந்த டெர்மினல் தன்னை எக்ஸ்86-64 என்று சொல்லிக்கொள்ளும்.

பை ஸீரோவும் பை 4-ம் ஒன்று என்று நினைப்பது

ஆர்ம்ஹெச்எஃப் என்ற பெயரை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும் பயன்படுத்துகிறது, ராஸ்பெரி பை இயங்குதளமும் பயன்படுத்துகிறது. டெபியனில் அது ஆர்ம்வி7. ராஸ்பெரி பையில் அது ஆர்ம்வி6, ஏனென்றால் 2012-ல் வந்த முதல் பையும் 2015-ல் வந்த பை ஸீரோவும் அந்தத் தலைமுறை ப்ராசஸர்கள். டெபியனிலோ உபுண்டுவிலோ நிறுவிய 32 பிட் கிராஸ் கம்பைலர் ஆர்ம்வி7-க்குத்தான் நிரல் தரும். பை 4-ல் அது ஓடும். பை ஸீரோவில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழுந்துவிடும்.

ஆர்ம்வி6 என்று ஆப்ஷன் கொடுத்தாலும் தீராது. உங்கள் நிரலோடு சேர்த்து இணைக்கப்படும் தொடக்கக் கோப்புகள் ஏற்கெனவே ஆர்ம்வி7-க்குக் கட்டப்பட்டவை. ஆர்ம்வி6-க்கென்றே கட்டிய கம்பைலர் தொகுப்பு வேண்டும். (பை ஸீரோ 2 வேறு, அது 64 பிட் ப்ராசஸர்.)

பழைய கோப்புகளோடு தொடர்வது

மடிக்கணினிக்கு ஒருமுறை கட்டிப் பார்த்த அதே அடைவில் பைக்கும் கட்டுகிறார்கள். மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டும்தான். பாதி கட்டி முடித்த பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் 'இஎம்: 62' என்று ஒரு எண்ணோடு நின்றால் காரணம் இதுதான். 62 என்பது எக்ஸ்86-64-ன் குறி. ஏஆர்ச்64-க்கு 183. விம் தன் சோதனை முடிவுகளை ஆட்டோ அடைவில் ஒரு கேஷ் கோப்பிலும் சேமித்துவைக்கிறது. ஆர்க்கிடெக்சர் மாறினால், பழையவற்றைத் துடைக்கும் 'மேக் டிஸ்ட்க்ளீன்' கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கிருந்தோ எடுத்த பதில்களை ஒட்டுவது

கிராஸ் கம்பைலில் விம்மின் ஸ்கிரிப்ட் சோதனை நிரல்களை ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் 'விம்-சிவி' என்று தொடங்கும் மாறிகளுக்கு நம்மிடம் பதில் கேட்கும். ஒரு கேள்வியோடு நிற்கும், பதில் கொடுத்து ஓட்டினால் அடுத்த கேள்வியோடு நிற்கும். டூஅப்பர் சரியாக வேலை செய்கிறதா, டெர்ம்இன்ஃபோ உண்டா, தெரியாத டெர்மினலுக்கு டிகெட்என்ட் என்ன தரும் என்று போகும் அந்த வரிசை. சலித்துப்போய் யாரோ எழுதிய ஸ்கிரிப்டிலிருந்து பதில்களை அள்ளிப் போடுகிறார்கள்.

இந்தப் பதில்கள் பெரும்பாலும் ப்ராசஸரைச் சார்ந்தவை அல்ல, சி நூலகத்தையும் டெர்மினல் நூலகத்தையும் சார்ந்தவை. க்ளிப்சி என்ற சி நூலகத்துக்கு எழுதியதை மஸ்ல் என்ற இன்னொரு சி நூலகத்துக்கு ஒட்டுவது சரியில்லை. ஒரே ஒரு முறை பைக்குள் கான்ஃபிகரை மட்டும் ஓட்டுங்கள். முழு கம்பைல் அளவுக்கு நேரம் ஆகாது. அங்கே உருவாகும் கேஷ் கோப்பில் எல்லாப் பதில்களும் உண்மையான கணினியிலிருந்தே கிடைத்துவிடும்.

மடிக்கணினியின் என்கர்சஸைக் காட்டுவது

டெர்மினல் நூலகம் இல்லை என்று ஸ்கிரிப்ட் நின்றால், அது கேட்பது பைக்கான என்கர்சஸை. மடிக்கணினியின் லிப் அடைவைக் காட்டினால் லிங்கர் 'இன்கம்பாட்டிபிள்' என்று அதைத் தள்ளிவிடும். பைத்தானுக்கும் இதே கதை. முதல் முறை பைத்தான் இல்லாமல் கட்டி, எடிட்டர் ஓடுகிறது என்று உறுதியான பிறகு அதைச் சேருங்கள்.

மார்ச் நேட்டிவ்

கம்பைல் நடக்கும் கணினியின் ப்ராசஸருக்கே ஏற்றபடி நிரல் தரச் சொல்லும் ஆப்ஷன் இது. வேறு கணினிக்குப் போகும் பைனரியில் வேண்டவே வேண்டாம்.

ஸ்ட்ரிப்

நிறுவும் கட்டளையான 'மேக் இன்ஸ்டால்', பைனரியில் ஓடுவதற்குத் தேவைப்படாத குறிப்புகளை நீக்கும் கருவியாக மடிக்கணினியின் ஸ்ட்ரிப்பைக் கூப்பிடும். ஸ்ட்ரிப் மாறியில் கிராஸ் கருவியின் பெயரைக் கொடுங்கள்.

இமாக்ஸையும் இதே வழியில் கட்டுவது

முடியாது. இன்னொரு எடிட்டரான இமாக்ஸ் பாதி கட்டி முடித்ததும் தன்னையே ஓட்டி, லிஸ்ப் கோப்புகளை ஏற்றி, அந்த நிலையைச் சேமித்துக்கொள்கிறது. 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பு சேமிக்கும் முறையை மாற்றியது, ஓட்டியாக வேண்டும் என்பது மாறவில்லை. அதை பைக்குள்ளேயோ, வேறு ப்ராசஸரைப் போல நடிக்கும் க்யூஇஎம்யூவிலோ கட்டுங்கள்.