ஸ்விஃப்டுக்குப் பெரிய வீல் போடும் முன்

எங்கள் டயர் கடைக்கு அலாய் வீல் கேட்டு வருகிறவர்கள் ரிம் டிசைனைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் பார்ப்பது டயரோடு சேர்ந்த மொத்த உயரத்தை.

மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். முந்தைய தலைமுறையின் கீழ் மாடல்களில் 165/80 ஆர்14 அளவு டயர் வந்தது. அகலம் 165 மி.மீ. பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழும் சேர்த்து 264. பதினாலு இன்ச் ரிம் 355.6. மொத்தம் கிட்டத்தட்ட 620 மி.மீ. உயர் மாடலின் 185/65 ஆர்15-க்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 621.5 வரும். கம்பெனியே ரிம்மைப் பெரிதாக்கி, ரப்பரைக் குறைத்து, உயரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அதே பதினாலின் இடத்தில் 195/65 ஆர்15 மாட்டினால் உயரம் 634.5, அதாவது 2.4 சதவீதம் கூடுதல். மீட்டர் காட்டுவதைவிட வண்டி அந்த அளவு வேகமாகப் போகும். ஓடிய கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகும், அதனால் மைலேஜ் கணக்கும் தப்பும். கியர் நீண்டதுபோல் ஆகி பிக்கப் மந்தமாகும். இரண்டு சதவீதத்தைத் தாண்ட நான் சம்மதிப்பதில்லை.

சரி, 195/55 ஆர்16? உயரம் 621, கணக்கு சரிதான். வளைவில் பிடிப்பு கூடும், ஸ்டியரிங் சொன்னவுடன் திரும்பும். ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ. தான். பதினாலை ஒப்பிட்டால் 25 மி.மீ. ரப்பர் போய்விட்டது. பள்ளத்தில் அடியை வாங்குவது அந்த ரப்பர்தான். அது இல்லையென்றால் ரிம் வாங்கும். கூடவே வீல் கனமாக இருந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் இன்ஜின் அதையும் சுழற்றிக் கிளப்ப வேண்டும். தினம் ஊர் ரோட்டில் ஓட்டுகிறவருக்குப் பதினைந்தே போதும் என்பேன்.

ரிம் வாங்கும்போது நான்கு போல்ட், 100 மி.மீ. பி.சி.டி. (போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) என்று பாருங்கள். நடுத்துளை ஸ்விஃப்டின் ஹப்புக்கு, அதாவது வீல் போய் உட்காரும் நடுப்பகுதிக்கு, 54.1 மி.மீ.; ரிம்மில் துளை பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு ரிங் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் தள்ளியிருக்கும் தூரம், பழைய ரிம்மை ஒட்டியே இருக்கட்டும். வீல் வெளியே துருத்தினால் பேரிங்கில் பாரம் ஏறும். டயரின் லோடு இண்டெக்ஸும் பழையதைவிடக் குறையக் கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும்.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயருக்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். அப்புறம் பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். உரசும் சத்தம் அப்போதுதான் கேட்கும். அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள். வீல் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.