பழைய சாட்டர்ன் 5 கிட்: இரண்டு வார இறுதிகளில் கட்டி முடிக்க

விமான மொடலை விட ரொக்கெட் மொடல் இலகு. விமானி அறை இல்லை, கண்ணாடி இல்லை, சில்லும் இல்லை, மொத்தமும் குழாய்தான். ஆனால் அந்தக் குழாயின் பக்கவாட்டில் பொருத்துக்கோடு தெரிந்தால் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் பொம்மை போலவே இருக்கும். நேரத்தை அங்கே செலவழியுங்கள். மற்ற இடங்களில் சுருக்கலாம்.

சாட்டர்ன் 5 என்பது மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய அப்பலோ திட்டத்தின் ரொக்கெட். இங்கே எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தில் ஏர்ஃபிக்ஸ், மொனோகிராம் போன்ற மொடல் கம்பனிகள் வெளியிட்ட 1/144 அளவு சாட்டர்ன் 5. உண்மை ரொக்கெட் 110.6 மீற்றர், மொடல் ஏறக்குறைய 77 சென்ரிமீற்றர் வரும். சீல் உடைக்காத பழைய பெட்டி கிடைத்தால் அதைச் சேகரிப்பவருக்கு விற்றுவிட்டு, திறந்த பெட்டி ஒன்றை வாங்கிக் கட்டுவதுதான் புத்தி.

முதலில் டெக்கல்

பெட்டியைத் திறந்ததும் ஒட்டும் வேலையைத் தொடங்க வேண்டாம். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கல் தாளை (மொடலில் வரும் எழுத்துகள், அடையாளப் படங்கள் உள்ள தாள்) எடுத்துப் பாருங்கள். பழையது என்றால் மஞ்சளாகியிருக்கும். காற்றுப் புகாத சிறிய பொலித்தீன் பையில் போட்டு, படம் வெளியே பார்க்க, வெயில் விழும் யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். கொழும்பு வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

தேவையானவை

மெல்லிய திரவப் பசை (தமியா எக்ஸ்ட்ரா தின் அல்லது அதுபோல் ஒன்று), கூரான கத்தி, நகவெட்டி, 400, 600, 1000 இலக்க நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்), மாஸ்கிங் டேப், றப்பர் பாண்ட் பத்துப் பன்னிரண்டு, புட்டி, அரல்டைட். நீர்த்தாளும் டேப்பும் புறக்கோட்டை ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன பெயின்ட் கடையில், கார் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் ஸ்ப்ரே ஒன்று கேளுங்கள். பெட்டியோடு வந்த பழைய குழாய்ப் பசையை எறிந்துவிடலாம். நூல் நூலாக இழுபட்டு மேற்பரப்பைக் கெடுக்கும்.

கழுவி, நிமிர்த்தி, ஒட்டுதல்

பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமலே இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் பிடிக்காது. பழைய பிளாஸ்டிக் முறுகலாக இருக்கும்; பாகத்தை முறுக்கி உடைக்காமல் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள்.

குழாயின் நீண்ட இரு பாதிகளும் வளைந்திருப்பது சகஜம். சுடுநீரில் சில நிமிடம் அமிழ்த்தி, கையால் நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். பொலிஸ்ரைரின் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வளைவு போய், குழாயின் வட்டமும் போய்விடும்.

இனி முக்கியமான இடம். இரண்டு பாதிகளையும் பசை இல்லாமல் பொருத்தி றப்பர் பாண்ட் போடுங்கள். நெளிநெளியாக வரியிட்ட பட்டைகள் வரும் இடத்தில் வரிகள் நேர்கோட்டில் சேர்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வழுவழுப்பான பகுதியைப் பிறகு தேய்த்துச் சரிசெய்யலாம், வரியில் தேய்த்தால் வரியே அழிந்துவிடும். அந்த இடத்தில் பசையைக் குறைவாக, முடிந்தால் உட்பக்கத்திலிருந்தே விடுங்கள். மற்ற இடங்களில் தூரிகை நுனியால் கோட்டைத் தொட்டால் போதும், பசை தானே இழுபட்டு ஓடும். பிறகு இரண்டு பாதிகளையும் மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் தலைமயிர் தடிப்பில் கோடு நெடுகப் பிதுங்க வேண்டும். அதைத் துடைக்கக் கூடாது, அதுதான் உங்கள் புட்டி.

குறைந்தது 24 மணித்தியாலம் விடுங்கள். உருகிய பிளாஸ்டிக் முழுதாக இறுகுமுன் தேய்த்தால், ஒரு கிழமைக்குப் பிறகு அது சுருங்கி, பெயின்டுக்கு மேலே கோடு மறுபடி எட்டிப்பார்க்கும். அந்த நேரத்தில் பெல் வடிவ எஞ்சின் முனைகளைத் தனியே முடித்து வையுங்கள்: முதற்கட்டத்துக்கு ஐந்து, இரண்டாம் கட்டத்துக்கு ஐந்து, மூன்றாம் கட்டத்துக்கு ஒன்று.

தேய்த்தல்

விரலால் நேரடியாக அழுத்தித் தேய்த்தால் குழாயில் தட்டையான கீற்று விழும். 400 தாளை இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் நீளமாக வெட்டி, நனைத்து, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதுபோல் குழாயைச் சுற்றி இழுங்கள். பிறகு 600, 1000. கோடு தெரிந்தால் மட்டும் புட்டி.

முதற்கட்டத்தை மூடுமுன் அடியில் பழைய இரும்பு நட்டுகள் 150 கிராம் அளவில் அரல்டைட்டால் ஒட்டிவிடுங்கள். 77 சென்ரிமீற்றர் உயரம், உள்ளே வெறுமை. மின்விசிறிக் காற்றுக்கே சாயும்.

வெள்ளை, பிறகு கறுப்பு

கார் லாக்கரை வெறும் பிளாஸ்டிக்கில் தடிப்பாக அடித்தால் மேற்பரப்பு பொரிந்துவிடும். முதலில் மீந்த சட்டத் துண்டில் அடித்துப் பாருங்கள். பிரைமர் காய்ந்ததும் வெள்ளை மெல்லிய மூன்று பூச்சு, இடையில் 10 முதல் 15 நிமிடம். மழை இருட்டிய பின்னேரங்களில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம், ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் கட்டாயம் வேண்டாம். லாக்கர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு புகைபிடித்ததுபோல் மங்கும். வெயில் ஏறிய காலை நேரம் நல்லது.

அடுத்த வார இறுதியில் கறுப்பு. முதற்கட்டக் குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 220 மில்லிமீற்றர். அந்த நீளத்துக்குக் கடதாசிப் பட்டியொன்றை வெட்டி நான்காக மடித்துச் சுற்றினால் 55 மில்லிமீற்றருக்கு ஒரு அடையாளம் கிடைக்கும்; அதை வைத்தே, கறுப்பு வர வேண்டிய சதுரங்களைத் திறந்துவிட்டு, வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களை டேப்பால் மறையுங்கள். டேப் விளிம்பில் முதலில் வெள்ளையே ஒரு மெல்லிய பூச்சு. கசிந்தால் வெள்ளைதான் கசியும், பிறகு அடிக்கும் கறுப்பு கூர்மையாக நிற்கும்.

இங்கே கிட்டின் படத்தை அப்படியே நம்பாதீர்கள். பழைய கிட்கள் பலவும் 1966இல் ஏவுதளத்துக்குக் கொண்டுவரப்பட்ட 500எஃப் என்ற, பறக்காத ஒத்திகை ரொக்கெட்டைப் பார்த்து நிறம் காட்டின. அதில் மண்ணெண்ணெய்த் தாங்கிக்கும் ஒட்சிசன் தாங்கிக்கும் நடுவே உள்ள நெளிப் பட்டையிலும் கறுப்பு உண்டு. வெயிலில் அந்தப் பகுதி சூடானதால், பறந்த ரொக்கெட்டுகளில் அதை முழு வெள்ளையாக விட்டார்கள். உங்களுக்கும் மறைக்கும் வேலை மிச்சம்.

ரொக்கெட்டின் மூன்று கட்டங்களையும் கழற்றிப் பூட்டும் வகை கிட் என்றால், சேரும் வளையத்தில் படிந்த பெயின்டைச் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருமுறை பூட்டியதைக் கழற்ற முடியாது.

டெக்கலும் உச்சிக் கோபுரமும்

தேவையில்லாத ஒரு சிறு டெக்கலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகச் சிதறினால் மீதித் தாளுக்கு மேல் கிளியர் லாக்கர் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றாகச் சுற்றி வெட்டிப் பாவியுங்கள். ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பெயின்டில் காற்றுச் சிக்கி வெள்ளி நிறத்தில் தெரியும்.

உச்சியில் நிற்கும் மெல்லிய தப்புதல் கோபுரம்தான் (ஆபத்தில் வீரர்களின் கலத்தை ரொக்கெட்டிலிருந்து இழுத்துச் செல்லும் பகுதி) இந்த மொடலில் முதலில் உடையும் பாகம். அதைக் கடைசியில், பிளாஸ்டிக் பசையால் அல்லாமல் மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். தட்டுப்பட்டால் பசையோடு கழன்றுவரும், கால்கள் முறியாது.