நியூட்ரல் அறுந்தாலும் மின்னல் அடித்தாலும் மின்சாதனங்களைக் காக்கும் வழிகள்

வீட்டு மின்சாதனங்களைக் கெடுக்கும் உயர் மின்னழுத்தம் இரு வகைப்படும். இரண்டையும் ஒரே கருவியால் தடுக்க முடியாது. மின்னலின்போதும், நின்றுபோன மின்சாரம் திரும்பும்போதும் நுண்நொடிகளில் பாய்ந்து மறைவது முதல் வகை. தெருக்கம்பத்திலோ, மும்முனை இணைப்புள்ள வீட்டின் மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) அறுந்துவிட்டால், சரிசெய்யும் வரை நீடிப்பது இரண்டாம் வகை. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். மின்சாரம் வரும் இரு பேஸ் கம்பிகளுக்கிடையே இருப்பதோ ஏறத்தாழ 400 வோல்ட். நியூட்ரல் அறுந்ததும் சுமை குறைந்த பேஸில் மின்னழுத்தம் அந்த அளவை நோக்கி ஏறுவதால், தொலைக்காட்சி முதல் மின்விசிறி வரை ஒருசேரக் கருகக்கூடும்.

முதலில் எர்த்தை (நில இணைப்பை) சோதியுங்கள். எர்த் சரியாக இல்லாத வீட்டில் திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் தன் வேலையை முழுமையாகச் செய்யாது. எர்த் டெஸ்டரால் அளக்கும்போது மின்தடை 5 ஓம் அளவுக்குள் இருப்பது நல்லது. கோடையில் எர்த் குழி வறண்டுவிடாதபடி தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அடுத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு டிபி பெட்டியில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் பெட்டி) ‘டைப் 2’ எஸ்பிடி எனப்படும் சர்ஜ் புரொடெக்டரைப் பொருத்துங்கள். அதன் இணைப்புக் கம்பிகள் மொத்தம் அரை மீட்டருக்குள் அடங்க வேண்டும், ஏனெனில் கம்பி நீள நீளப் பாதுகாப்பு குறையும். பச்சையாக இருக்கும் அடையாளச் சாளரம் சிவப்பானால் உடனே மாற்றிவிடுங்கள்.

ஆனால் எஸ்பிடியோ, கடையில் வாங்கும் ஸ்பைக் பஸ்டரோ நியூட்ரல் அறுந்தால் உதவாது. நீடிக்கும் உயர் மின்னழுத்தத்தில் அவற்றின் உள்ளுறுப்பே சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஏறத்தாழ 270 வோல்ட்டில் இணைப்பைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலேதான் இதற்குத் தீர்வு. பலரும் விட்டுவிடுகிற இந்தச் செலவையே நான் மிக அவசியமானதாகக் கருதுகிறேன். ஸ்டெபிலைசர் தன்னோடு இணைந்த ஒரு சாதனத்தை மட்டுமே காக்கும். விளக்குகள் திடீரெனக் கண்கூசும்படி எரிந்தாலோ, சில அறைகளில் மங்கியும் சிலவற்றில் பிரகாசமாகவும் எரிந்தாலோ, உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

சித்திரை மாத இடிமழையிலும் ஐப்பசி அடைமழையிலும், வானம் கறுக்கும்போதே பிளக்குகளையும் டிஷ் ஆன்டெனா கேபிளையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இடி தொடங்கிவிட்டால் அவற்றைத் தொடக் கூடாது. மின்சாரம் திரும்பியதும் குளிர்பதனப் பெட்டியை மட்டும் 3 முதல் 5 நிமிடம் பொறுத்தே இயக்குங்கள்.