வயிற்றுத் தமனிகள்: பாடநூல் படத்தை நம்பிக் கத்தி வைக்காதீர்கள்

பாடநூல் படத்தில் வயிற்றுப் பெருந்தமனி சொன்னபடி கிளை பிரியும். மேலே கல்லீரல், இரைப்பை, மண்ணீரலுக்கு ரத்தம் தரும் சீலியாக் தண்டு, அதற்குச் சற்றுக் கீழே குடலுக்கு ரத்தம் தரும் மேல் மெசென்ட்ரிக் தமனி, பக்கத்துக்கு ஒன்றாகச் சிறுநீரகத் தமனிகள். அந்தப் படத்தை மனதில் வைத்தபடியே வயிற்றைத் திறப்பதுதான் முதல் தவறு. 1966இல் உடற்கூறியலாளர் மிச்செல்ஸ் 200 உடல்களை அறுத்தாய்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில், கல்லீரல் தமனி பாடநூல்படி இருந்தது 55 சதவீதத்தில் மட்டுமே.

அதிகம் சிக்க வைப்பது, மேல் மெசென்ட்ரிக் தமனியிலிருந்து கிளம்பும் வலது கல்லீரல் தமனி. கணையத் தலைக்கும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரைக்கும் பின்னால் ஒளிந்து ஏறும். கணையத் தலையை அகற்றும் விப்பிள் அறுவையில் இது தெரியாமல் அறுபட்டால், கல்லீரலின் வலப்பகுதியோடு பித்தநாளமும் ரத்தமின்றித் தவிக்கும். ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோவில் கல்லீரலிலிருந்து பின்னோக்கி, தமனி தொடங்கும் இடம்வரை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். அறுவையின்போது போர்ட்டல் சிரைக்கு வலப்பின்புறம் விரலை வைத்தால் துடிப்பு தட்டுப்படும். இடது இரைப்பைத் தமனியிலிருந்து கிளைக்கும் இடது கல்லீரல் தமனிக்கும் இதே கவனம் வேண்டும். இரைப்பையை அகற்றும்போது தாய்த் தமனியை அடியோடு கட்டிவிட்டால், கல்லீரலின் இடப்பகுதி பலியாகலாம்.

இன்னொன்று, சீலியாக் தண்டு குறுகியிருப்பதைக் கவனிக்காமல் விடுவது. உதரவிதானத்தின் நார்ப்பட்டை அழுத்தினாலும் அது குறுகும். அப்போது கல்லீரலுக்கு ரத்தம் கீழே உள்ள மேல் மெசென்ட்ரிக்கிலிருந்து, இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் போகும் காஸ்ட்ரோடுவோடினல் தமனி வழியே எதிர்த்திசையில் வரும். விப்பிளில் நாம் வெட்டுவது அதே தமனியைத்தான்! வெட்டுமுன் கிளாம்ப் (கவ்வி) போட்டு அதை அடைத்து, கல்லீரல் தமனியின் துடிப்பு நின்றுபோகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இதையும் அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள் உண்டு.

சிறுநீரகத்தில் நடக்கும் தவறு வேறு வகை. ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிறுநீரகத் தமனிகள் உண்டு. 'கூடுதல்தானே, கட்டிவிடலாம்' என்று நினைக்கக் கூடாது. இவை முடிவுத் தமனிகள்; ஒன்றின் பகுதிக்கு அடுத்தது உதவாது. கட்டினால் அந்தத் துண்டு சிறுநீரகம் சாகும். மாற்றுச் சிறுநீரகத்தில் கீழ்முனைத் தமனியை இழந்தால் சிறுநீர்க்குழாயின் ரத்த ஓட்டமே கெட்டு, சிறுநீர் கசியக்கூடும்.

சீலியாக்கும் மேல் மெசென்ட்ரிக்கும் ஒரே தண்டாகக் கிளம்புவது அரிது, சுமார் 1 சதவீதம். அது நோயல்ல. கருவில் தனித்தனியாக இருக்கும் வேர்களில் எது மறைகிறது, எது தங்குகிறது என்பதன் விளைவு. ஆனால் அந்த ஒற்றை வாயில் அடைப்பு வந்தால் கல்லீரல், இரைப்பை, மண்ணீரல், குடல் எல்லாமே ஒன்றாக மாட்டிக்கொள்ளும். ஆகவே ரேடியாலஜி ரிப்போர்ட்டில் 'தமனி அமைப்பில் மாறுபாடு' என்று ஒரு வரி எழுதி முடிப்பதும் தவறே. எங்கே தொடங்குகிறது, எதற்குப் பின்னால் போகிறது, எந்தப் பகுதிக்கு ரத்தம் தருகிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.